எப்பா

ருவான்வெல்லைக்கு மேலே உள்ள அந்த ரப்பர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடுகள் கொண்ட லயத்தில், விடியுமுன் எழும் பெண்கள் முதலில் போய் நிற்பது கோடியில் உள்ள பலாமரத்தடியில். உள்ளங்கையை அதன் பட்டையில் வைத்துப் பார்ப்பார்கள். பட்டை ஈரமென்றால் மேலே ரப்பர் மரங்களும் ஈரம். கத்தி வைத்தால் பால் கோட்டில் இறங்கிச் சிரட்டைக்கு வராது. மரமெல்லாம் வழிந்து வீணாகும். அன்றைக்குப் பால்வெட்டு இல்லை. வானத்தைவிட அந்த மரத்தைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

அந்தோனியம்மா பல வருஷமாக அந்த மரத்தைத் தொட்டு வருகிறாள். ஈரமாக இருந்தால் முகம் சுளித்துக்கொண்டு திரும்புவாள். ஆனால் தம்பி பெண்டாட்டி ரோஷானி ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்த பிறகு அவளுக்கு ஈரப்பட்டை பிடித்துப்போனது. வேலை இல்லையென்றால் வீட்டில் இருக்கலாம். வீட்டில் இருந்தால் ரோஷானியைப் பார்த்துக்கொள்ளலாம்.

"காஞ்சிருக்கா அக்கா?" என்று பக்கத்து வீட்டு விஜயகலா தன் இஸ்தோப்பில் நின்று கேட்டாள். வீட்டு முன்திண்ணை அளவுக்கு இருக்கும் அந்தச் சிமெந்துத் தரைக்கு அங்கே அதுதான் பெயர்.

"சொட்டச் சொட்ட இருக்கு."

"அதச் சிரிச்சுக்கிட்டே சொல்றியே. கங்காணி பாத்தா, நீயே வாளியில தண்ணி கொண்டாந்து ஊத்துனனு சொல்லப்போறாரு."

"மெதுவாப் பேசு. உள்ள பச்ச ஒடம்பு படுத்திருக்கு."

"நா மெதுவாத்தானே பேசுறேன்."

விஜயகலாவின் மெதுவான பேச்சு மறுகோடி வீட்டுக்குக் கேட்கும். அந்தோனியம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிள்ளை பெற்றவளை அங்கே யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. பச்ச ஒடம்பு என்பார்கள். ஆறாத உடம்பு, எதுவும் பட்டுவிடக்கூடாத உடம்பு. அந்தச் சொல்லை அந்தோனியம்மா மிகவும் நம்பினாள். அவள் கல்யாணம் கட்டவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தம்பி டெனிஸ்டனை வளர்ப்பதிலேயே வயது போய்விட்டது. ரோஷானி முழுகாமல் இருந்த நாளில், மலைத் தண்ணீர் மூங்கிலில் வந்து விழும் பீலியடியில் குடத்தோடு நின்றபோது யாரோ ஒருத்தி, "இதெல்லாம் பெத்தவங்களுக்குத்தான் தெரியும்" என்று சும்மா சொன்னாள். சொன்னவள் அப்போதே மறந்திருப்பாள். அந்தோனியம்மா மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டாள்.

இருளாயிக் கிழவியிடம் சரக்கு இடிக்கக் கற்றாள். மிளகு, சுக்கு, ஓமம், மஞ்சள் எல்லாம் எந்தப் பக்குவத்தில் வறுக்க வேண்டும், எது முதலில் உரலுக்குப் போக வேண்டும் என்று. வயிற்றில் துணி சுற்றிக் கட்டுவதை விஜயகலா காட்டிக்கொடுத்தாள். தலைக்கு ஊற்றும் தண்ணீரில் என்ன இலை போட்டுக் கொதிக்க வைப்பது என்று சந்தையில் கீரை விற்கும் சிங்களப் பெண்ணிடம் கேட்டுவந்தாள். பூண்டை முழுசு முழுசாகப் போட்ட குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், முள் எடுத்த சுறாக் கருவாடு. காற்றுப் படக்கூடாது என்று ஒருத்தி சொன்னதால் ஜன்னலுக்குச் சாக்கு அடித்தாள். கண் படக்கூடாது என்று இன்னொருத்தி சொன்னதால் ரோஷானி படுத்திருந்த உள்காம்பராக் கதவைச் சாத்தி வைத்து, பார்க்க வந்தவர்களை இஸ்தோப்பிலேயே தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். பெறாதவள் செய்கிற பணிவிடையில் ஒரு குறை வந்துவிடக்கூடாது. நாலு வீட்டு முறையையும் ஒரே உடம்பில் செய்தாள்.

பிள்ளை நன்றாக இருந்தது. பெண்பிள்ளை. குளிப்பாட்டினால் கையைக் காலை உதறி ஊரைக் கூட்டியது. பால் குடித்தது, தூங்கியது, எடை கூடியது.

ரோஷானிதான் சரியில்லை.

முதலில் களைப்பு என்று நினைத்தார்கள். தட்டு அப்படியே திரும்பி வந்தது. பிள்ளையை மாரில் வைத்தால் வைத்துக்கொண்டாள், எடுத்தால் விட்டுவிட்டாள். அது குடிக்கும்போது அவள் கண் கூரைத் தகரத்தில் இருந்தது. பிள்ளை தூங்கினாலும் அவள் தூங்குவதில்லை. அந்தோனியம்மா எந்த நேரம் கதவைத் திறந்து பார்த்தாலும் அந்தக் கண்கள் திறந்தே இருந்தன.

இப்படி இருக்கிற பெண் அல்ல அவள். ஓப்பநாயக்கப் பக்கம் பிறந்தவள். அப்பா அருமைநாயகம் மாணிக்கக் குழியில் வேலை செய்பவர். அம்மா இல்லை. சுற்றிலும் சிங்கள வீடுகள், படித்ததும் சிங்களப் பள்ளிக்கூடம். பெல்மதுளையில் ஒரு போன் கடையில் வேலைக்கு நின்றபோதுதான் டெனிஸ்டன் உடைந்த போனைத் தூக்கிக்கொண்டு அங்கே போனான். பிறகு உடையாத போனையும் தூக்கிக்கொண்டு போனான். கட்டிக்கொண்டு வந்த புதிதில் சிங்களப் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுவாள். தமிழை மட்டும் கொஞ்சம் யோசித்து யோசித்துப் பேசுவாள். விஜயகலா வேகமாகப் பேசினால், "அக்கா, திரும்ப ஒருக்கா" என்பாள். அந்தச் சிரிப்பும் பாட்டும் எங்கே போயின என்று அந்தோனியம்மாவுக்கு விளங்கவில்லை.

ஆனால் ஒரு சொல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிள்ளை அழத் தொடங்கினால், தட்டை நீட்டினால், விளக்கைப் போட்டால், ரோஷானி சுவர்ப் பக்கம் திரும்பி, "எப்பா" என்பாள். சத்தமில்லாமல், மூச்சு விடுகிற மாதிரி. சில நேரம் இரண்டு தரம், மூன்று தரம்.

"அப்பாவத் தேடுறா," என்று அந்தோனியம்மா விஜயகலாவிடம் சொன்னாள். "தாயில்லாத புள்ள. இந்த நேரத்துல நெனப்பு வரத்தானே செய்யும்."

"நா மூத்தவன பெத்தப்ப அம்மா அம்மானு லயமே எந்திரிக்கக் கத்துனேன்."

"நீ எப்பக் கத்தல?"

மிட்வைஃப் சுனேத்ரா மிஸ் ஸ்கூட்டரில் வந்து பார்த்துவிட்டுப் போனாள். தையல் ஆறிவிட்டதா, மார்பு கட்டியிருக்கிறதா, பிள்ளை எத்தனை தரம் நனைக்கிறது என்று பார்த்தாள். ரோஷானியைப் பார்த்து, எப்படி இருக்கு, நித்திரை வருதா என்று கேட்டாள். ரோஷானி வாயைத் திறக்குமுன் அந்தோனியம்மா சொன்னாள்:

"நல்லா இருக்கு மிஸ். ஒரு கொறையும் இல்ல. நான் எல்லாம் பாத்துக்கிறேன்."

மிஸ் அந்தச் சாக்கு அடித்த ஜன்னலை ஒரு தரம் பார்த்தாள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டாள்.

பட்டை காய்ந்த ஒரு நாள் அந்தோனியம்மா மலைக்குப் போனாள். வெட்டி முடித்து, பால் சேர்த்து, வாளியோடு நிறுக்கிற இடத்துக்கு இறங்குகையில் மழை பிடித்துக்கொண்டது. வாளியை மூடிக்கொண்டு ஓடிக் கொடுத்துவிட்டு லயத்துக்கு வந்தால், பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது. ரோஷானி இல்லை.

தேடியபோது லயத்துக்குப் பின்னால் பீலியடியில் உட்கார்ந்திருந்தாள். மூங்கிலிலிருந்து விழுகிற தண்ணீருக்கும் மழைக்கும் நடுவில், தலை நனைந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு. கீழே ஓயா, அந்த மலை ஆறு, மழைத் தண்ணீரில் சிவந்து இரைந்துகொண்டிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோஷானி. ஏ புள்ள. பச்ச ஒடம்போட இங்க என்னா பண்ற?"

"எப்பா," என்றாள் ரோஷானி.

அந்தோனியம்மா அவளைத் தூக்கி அணைத்துக் கூட்டிவந்தாள். ஈரத்தைத் துவட்டினாள், சரக்குத் தண்ணி கொடுத்தாள். பிள்ளையை விட்டுவிட்டு ஒருத்தி எழுந்து போவதற்கும், ஓயாவைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கும் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தோட்டத்தில் அப்படிப் போனவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை.

அன்று டெனிஸ்டன் பஜாரில் மஹ்ரூப் முதலாளியின் இரும்புக் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுமுன் சொன்னாள்:

"தம்பி, மாமாவுக்குப் போன் போடு. ஒடனே வரச் சொல்லு. அவ அப்பாவத் தேடி ஏங்கிப்போயிருக்கா."

"அவகிட்டக் கேட்டியாக்கா?"

"கேக்கணுமா? வாயத் தொறந்தா அதுதானே வருது."

டெனிஸ்டன் உள்ளே எட்டிப் பார்த்தான். ரோஷானி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப்போனான்.

அருமைநாயகம் மறுநாளே மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தார். மெலிந்த மனிதர். மாணிக்கக் குழிச் சேறு நகக்கண்ணை விட்டுப் போகாத கை. ஒரு பையில் கித்துல் கருப்பட்டி, இன்னொன்றில் ஒரு பெரிய ஜம்போலாப் பழம். இஸ்தோப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே தயங்கி நின்றார்.

"உள்ள போங்க மாமா. ஒங்களத்தான் தேடுறா."

அவர் போனார். பிள்ளையைப் பார்த்தார், தொடவில்லை. மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ரோஷானி கண்ணைத் திருப்பி, "தாத்தே" என்றாள். பிறகு மறுபடி சுவர். மழை தகரத்தில் விழுந்து ஓய்ந்தது, மறுபடி விழுந்தது. அவர் எழுந்து வெளியே வந்தபோது தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதையே குடித்தார்.

"பேசுச்சாங்க மாமா?"

"இல்லம்மா."

"ஒங்களப் பாத்தா தெளிஞ்சுருவானு நெனச்சேன். பொழுதுக்கும் எப்பா எப்பானு ஒரே புலம்பலு."

அருமைநாயகம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னானு?"

"எப்பானு. ஒங்களத்தான்."

அவர் உள்காம்பரா வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைய அது அப்பானு கூப்புட்டதே இல்லையேம்மா. தாத்தானுதான் கூப்புடும். சுத்தி எல்லாம் சிங்களப் புள்ளைங்க. அதுங்க அப்பன தாத்தானுதானே கூப்புடுதுங்க, அதப் பாத்து இதும். அவ அம்மா வெளக்குமாத்தால அடிச்சுக்கூடப் பாத்தா. ஒரு நாளும் வாயில அப்பானு வரல."

"அப்ப எப்பானு யாரக் கூப்புடுறா?"

"கூப்புடல போல இருக்கு," என்றார் அவர்.

அந்தோனியம்மாவே தினம் சொல்லுகிற சொல் அது. கடையில் முதலாளி பொலித்தீன் பையை எடுத்தால் எப்பா என்று கையை ஆட்டுவாள். பஸ்ஸில் கடலை நீட்டுகிறவனிடம் எப்பா என்பாள். வேண்டாம். சிங்களத்தில் அதற்கு வேறு பொருளே கிடையாது. ரோட்டில் என்றால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். வீட்டுக்குள் கேட்டதால் அதைத் தமிழாகக் கேட்டுவிட்டாள். சோறு வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், இது எதுவுமே வேண்டாம் என்று ஒருத்தி இத்தனை நாளாக அவள் காதிலேயே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எழுந்து உள்காம்பராவுக்குள் போனாள். முதலில் ஜன்னல் சாக்கைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு வந்தது. மழை வெளிச்சம் உள்ளே விழுந்தது. ரோஷானி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தோனியம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சந்தையில் பேசுகிற தன் உடைந்த சிங்களத்தில் கேட்டாள்:

"மொனவத எப்பா?"

என்ன வேண்டாம். ரோஷானி திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் யாரும் அவளிடம் அந்த மொழியில் ஒன்றும் கேட்டதில்லை.

"ஒக்கோம," என்றாள். எல்லாமே.

பிறகு வந்தது. நிறுத்தாமல், சிங்களத்தில், அழுகையும் பேச்சும் ஒன்றாக. அந்தோனியம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது. வாசலில் நின்ற அருமைநாயகத்துக்கு எல்லாம் விளங்கியது. தூக்கம் வருவதில்லை. பிள்ளை அழுதால் நெஞ்சு படபடக்கிறது. தூக்கினால் கை தவறவிட்டுவிடுமோ என்று தன் கையைப் பார்த்தே பயம். எல்லோரும் இத்தனை செய்கிறார்கள், தனக்கு ஒன்றும் தோன்றவில்லை, தான் நல்ல தாய் இல்லை. பிள்ளை அண்ணியிடம், அந்தோனியம்மாவிடம், இருந்தால் நன்றாக வளரும். தான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் லேசு. அன்றைக்குப் பீலியடியில் இருந்து எழுந்து கீழே நடக்கத்தான் நினைத்தாள். அண்ணி வந்துவிட்டாள்.

அந்தோனியம்மா அவளுடைய கால்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குளிர்ந்திருந்தன. தேய்த்தாள்.

"அன்னைக்கு வந்தேன்ல," என்றாள் தமிழில். "இன்னைக்கும் வந்துட்டேன். நா கொஞ்சம் மந்தம். ஆனா வந்துருவேன்."

ஆள் அனுப்பியதும் சுனேத்ரா மிஸ் மழையோடு வந்தாள். இந்தத் தடவை அந்தோனியம்மா வாசலிலேயே சொன்னாள்: "மிஸ், அன்னைக்கு நா பொய் சொல்லிட்டேன். நல்லா இல்ல."

"தெரியும்," என்றாள் மிஸ், மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டே. "இப்ப நீங்க கொஞ்சம் வெளிய இருக்கணும். நான் துவ கூட, மக கூடத் தனியாப் பேசணும்."

தனியாகப் பேசிவிட்டு வந்து, இஸ்தோப்பில் உட்கார்ந்து, மூன்று பேருக்கும் சேர்த்துச் சொன்னாள். "இது லெடக். வருத்தம், நோய். புள்ள பொறந்த பொறகு வாரது. எனக்குத் தெரிஞ்சு நெறைய பேருக்கு வந்திருக்கு, பங்களாவுல இருக்கிறவங்களுக்கும் வரும். பைத்தியம் இல்ல, பேய் இல்ல, அவ பிழை இல்ல. மருந்து இருக்கு. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன். அது வரைக்கும் தனிய விட வேணாம். கக்கூசுக்குப் போனாலும் யாராவது வெளிய நிக்கணும். வெக்கம் எப்பா. சரியா?"

"சரி மிஸ்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெகு நேரம் ரோஷானியோடு பேசினார். மாத்திரை கொடுத்தார். பால் கொடுக்கலாம், பயமில்லை, ஆனால் மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச வாரம் ஆகும், அதற்குள் நிறுத்திவிடாதீர்கள் என்றார். "முதல்ல அம்மாவத் தூங்க வைங்க" என்று அவர் சொன்னதை மட்டும் அந்தோனியம்மா வழியெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

லயத்தில் மறைப்பதா சொல்வதா என்று டெனிஸ்டன் கேட்டான். "சொன்னா பேசுவாங்கக்கா."

"பேசட்டும். நா பாலுக்குப் போனா இவளை யாரு பாக்குறது? மறைச்சா நம்ம மூணு பேரு. சொன்னா பன்னெண்டு வீடு."

அன்றைக்கே பீலியடியில் நின்று, குடம் நிறையும் வரை காத்திருந்த பெண்களிடம் நேராகச் சொன்னாள். மனசுக்கு முடியவில்லை, மருந்து எடுக்கிறோம், ஆள் வேண்டும். ஒருத்தி தண்ணீரைப் பார்த்துப் பயந்திருப்பாள் என்றாள். இருளாயிக் கிழவி மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்றாள்.

"கட்டு பாட்டி. கயிறும் கட்டு, மாத்திரையும் குடுப்போம். எது மொதல்ல வேல செய்யுதோ அதுக்கு நீயே பேரு வாங்கிக்க."

"ஒங்க சாமியாரு ஒன்னும் சொல்ல மாட்டாரா?"

"அவரு கையில கட்டுனா பாப்பாரு. இடுப்புல கட்டு."

இருளாயி சிரித்துக்கொண்டே கயிறு கட்டினாள். கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து கொண்டாள். அதுதான் தொடக்கம். விஜயகலாவின் மரங்கள் லயத்துக்குக் கிட்ட இருந்ததால் அவள் முதலில் வெட்டி முடித்து, பால் வடிகிற நேரத்தில் ஓடி வந்து இருந்துவிட்டுப் போனாள். அவள் போகுமுன் இன்னொருத்தி வந்தாள். யாரும் புத்தி சொல்லக்கூடாது என்று அந்தோனியம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பிள்ளையைப் பார், தெய்வத்தை நினை, எங்களுக்கெல்லாம் வரவில்லையே, இந்த மூன்றையும் சொல்லக்கூடாது. வேறு என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் கங்காணியின் புது மீசையைப் பற்றிப் பேசினார்கள். கீரை ஆய்ந்தார்கள். சில நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். மலையில் மரத்துக்கு மரம் தனியாகவே நடந்து பழகியவர்கள். பேசாமல் ஒருத்தி பக்கத்தில் இருப்பது அவர்களுக்குக் கஷ்டமாக இல்லை.

அருமைநாயகம் திரும்பிப் போகவில்லை. இஸ்தோப்பில் பாய் போட்டுக்கொண்டார். விறகு பிளந்தார். ஆண்கள் யாரும் செய்யாத வேலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். பிள்ளையின் துணிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு பீலியடிக்குப் போய், குந்தி உட்கார்ந்து அலசினார். குழியில் மண் அரித்த பழக்கம், கூடையைச் சுற்றிச் சுற்றி ஆட்டுவார்.

"மாமா, பாத்து அரிங்க. நீலக்கல்லு கெடைச்சாலும் கெடைக்கும்," என்றாள் விஜயகலா.

"மஞ்சக்கல்லுதான் கெடைக்குது," என்றார் அவர், தலை நிமிராமல்.

ரோஷானி அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டாள். முகம் அந்தப் பக்கம் திரும்பியது.

சாயங்காலம் டெனிஸ்டன் வந்ததும் பிள்ளை அவனிடம் போகும். மஹ்ரூப் முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டு, கடையை மூடும்வரை நிற்க வேண்டாம், நீ நேரத்தோடு போ என்றிருந்தார். மார்பிலிருந்து பாலைப் பீய்ச்சிக் கோப்பையில் எடுத்து வைப்பதற்கு மிஸ் சொல்லிக்கொடுத்தாள். அதனால் ரோஷானியை எழுப்பாமலும் பிள்ளைக்குக் கரண்டியால் கொடுக்கலாம். ஆனால் எழுப்புகிற அளவுக்கு ரோஷானி இன்னும் தூங்கவில்லை. மாத்திரை போட்டால் கொஞ்சம் கண் அயரும். லயத்துச் சுவர்கள் கூரை வரை போவதில்லை. பன்னிரண்டு வீட்டு இருமலும் சண்டையும் ரேடியோவும் மேலால் தாண்டி வரும். உடனே விழித்துக்கொள்வாள்.

நல்ல நாளும் வந்தது, கெட்ட நாளும் வந்தது. ஒரு நாள் தானாகவே தலை வாரினாள். மறுநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். பிள்ளையைத் தன் கண்ணில் காட்ட வேண்டாம் என்று கத்தினாள். அந்தோனியம்மா தரையில் சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளினாள். அள்ளி முடித்து வெளியே வந்து, கிளிசரியா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அருமைநாயகம் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு அவள் போய் வேறு தட்டில் சோறு போட்டாள்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் மலையிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். ஈரத் துணிகள் கொடியில் ஆவி விட்டுக் காய்ந்தன. ரோஷானி இஸ்தோப்புப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இருளாயி அவளுக்குப் பேன் பார்க்கிற மாதிரி தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பேன் ஒன்றும் இல்லை. தடவிக்கொண்டே இருந்த கை நின்றது.

"ஏ அந்தோனி," என்றாள் கிழவி, வாயை மட்டும் அசைத்து.

ரோஷானி சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தோள்கள் இறங்கியிருந்தன. கண் அயர்தல் இல்லை இது. தூக்கம்.

அந்தோனியம்மா பிள்ளையைப் பார்த்தாள். அது முழித்துக்கொண்டு கையைச் சப்பியது, இப்போது அழும். கோப்பையையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, பிள்ளையை மாரோடு அணைத்து, சத்தமில்லாமல் இறங்கி, ரப்பர்ப் பால் நிறுக்கிற ஸ்டோருக்குப் போகும் பாதையில் நடந்துவிட்டாள். போகும்போது விஜயகலாவைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

விஜயகலா அடுத்த வீட்டுக்குப் போய்க் கையைக் காட்டினாள். அவள் அதற்கடுத்த வீட்டுக்கு. ஒரு ரேடியோ நின்றது. இன்னொன்று நின்றது. அம்மியில் மிளகாய் அரைத்தவள் குழவியைத் தூக்கி வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். இருளாயி தன் சேவலைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அது வாயைத் திறக்குமுன் கோயில் பக்கம் நடந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை வழியிலேயே நிறுத்திச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலுக்குக் கணக்குக் கேட்டுக் கத்திக்கொண்டே வந்த கங்காணியின் முன்னால் அருமைநாயகம் ஈரத்துணியோடு போய் நின்று, கையெடுத்துக் கும்பிட்டார். கங்காணி பெஞ்சைப் பார்த்தார். மீசையைத் தடவினார். வந்த வழியே நுனிக்காலில் திரும்பினார்.

யாருக்கும் வேலை ஓடவில்லை. உள்ளே போனால் எதையாவது தட்டிவிடுவோம் என்று ஆளாளுக்குத் தங்கள் இஸ்தோப்பில் நின்றார்கள், உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு வீட்டு வாசலிலும் ஆள், ஒரு சத்தமில்லை. மரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் கேட்டது. தூரத்தில் ஓயா கேட்டது. விஜயகலா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, ஏதோ விரதம் இருப்பவளைப் போல் இருந்தாள். வெயில் கொடித் துணிகளைத் தாண்டி அடுப்படிச் சுவருக்குப் போகிற வரை ரோஷானி தூங்கினாள்.

விழித்தபோது முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கண்ணைக் கசக்கினாள். அந்த வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொரு வாசலிலும் முகம். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள். யாரும் பேசவில்லை. லயம் அப்படி இருப்பது எப்போது என்று அவளுக்கும் தெரியும்.

"தாத்தே," என்றாள் பதறி. "யாரு செத்துப்போனது?"

அருமைநாயகம் துணியைக் கீழே வைத்தார்.

"யாரும் சாகல புள்ள. நீ தூங்குன."

"அதுக்கா எல்லாரும் இப்பிடி நிக்கிறாங்க?"

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடக்கி வைத்திருந்தது விஜயகலாவிடம்தான் முதலில் உடைந்தது.

பால் ஸ்டோர்ப் பாதையின் கடைசி வளைவில், ரப்பர் மர நிழலில், குடித்துத் தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்த அந்தோனியம்மாவுக்கு மேலே ஏதோ வெடித்த மாதிரி கேட்டது. நின்றாள். பிறகு அது சிரிப்பு என்று விளங்கியது. பன்னிரண்டு வீட்டுச் சிரிப்பு. அதற்குள் புதிதாக ஒரு சிரிப்பு, இடையில் விக்கலெடுத்து நின்று நின்று வருகிறது. அந்தக் குரலை அவள் மறந்தே போயிருந்தாள். ரேடியோ ஒன்று போட்ட வேகத்தில் அலறியது. யாரோ யாரையோ திட்டினார்கள்.

அந்த இரைச்சலுக்கு மேலே அந்தக் குரல் அவளைக் கூப்பிட்டது.

"அண்ணீ. எங்க போனீங்க? பாப்பாவக் கொண்டாங்க, எனக்குப் பால் கட்டுது."

சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. அந்தோனியம்மா அதைத் தட்டி அமர்த்தவில்லை. நன்றாகக் கேட்கட்டும் என்று தோளில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினாள்.